பென்சிலால் எழுதிய பதினான்காவது வரி

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

எனக்கு வயது 43. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். தினமும் காலையில் பாசஞ்சர் ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷன் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, கொக்கிரகுளத்தில் ஒரு தனியார் அலுவலகத்துக்குக் கணக்கு எழுதப் போகிறேன். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்தாள். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஜனவரி 1 அன்று, இந்த வருஷம் நான் செய்ய வேண்டியவை என்று ஒரு நோட்டில் 21 விஷயங்கள் எழுதினேன். தினமும் ராத்திரி படுக்குமுன் அதை எடுத்துப் பார்ப்பேன். ஆடி பிறந்துவிட்டது. இரண்டுக்குத்தான் டிக் போட்டிருக்கிறேன். நடைப்பயிற்சி முதலில் நாற்பது நாளுக்கு மேல் போனேன், மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கியதும் நின்றுவிட்டது. ஆனியில் திரும்ப ஆரம்பித்தேன். தேரோட்டத்துக்கு டவுனில் நாத்தனார் வீட்டில் நாலு நாள் தங்கியதில் அதுவும் போச்சு. வெறும் வயிற்றில் சர்க்கரை 108 இருக்கிறது. வீட்டுக்காரர், "அந்த நோட்டைத் தூக்கி ஆத்துல போடு, நிம்மதியா இருப்ப" என்கிறார். எனக்கு மனஉறுதி என்பதே கிடையாதா? நோட்டைக் கிழித்துவிடவா? அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கிழிக்க வேண்டாம். ஆற்றிலும் போட வேண்டாம். இன்றைக்கு ராத்திரி மட்டும் அந்த நோட்டைத் திறக்காமல் படுங்கள். மற்றதைப் பேசுவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி மூன்று தடவை படித்தேன். நீங்கள் டிக் போட்ட இரண்டு வரிகள் எவை தெரியுமா? ஒன்று, ஆயுள் காப்பீட்டு பாலிசியைப் புதுப்பித்தது. இன்னொன்று, மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தது. இரண்டும் ஒருநாள் முடிந்துபோகிற காரியங்கள். முடிந்தது, டிக் போட்டீர்கள். சரிதான். ஆனால் ‘தினமும் நடக்க வேண்டும்’ என்ற வரிக்கு எந்த நாளில் டிக் போடுவீர்கள்? அது முடிகிற காரியமே கிடையாதே. பல் தேய்த்து முடித்தாயிற்று, இனி வேண்டாம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. நாற்பது நாளுக்கு மேல் காலை ஐந்து மணிக்கு எழுந்து கால்வாய்க்கரையில் நடந்திருக்கிறீர்கள். அது உங்கள் நோட்டில் ஒரு வெறும் கட்டமாகத்தான் நிற்கிறது. அந்தக் கட்டத்தைத்தான் ஒவ்வொரு ராத்திரியும் பார்த்துப் பார்த்து, எனக்கு மனஉறுதி இல்லை என்று உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் பட்டியலில் மூன்று விதமான சரக்கு ஒன்றாகக் கொட்டிக் கிடக்கிறது. முடிகிற காரியங்கள், நாள் தவறாமல் நடக்க வேண்டிய தினப்பாடுகள், அப்புறம் ஆசைகள். முதல் வகைக்கு டிக் பொருந்தும். இரண்டாவது வகைக்கு டிக் போட முடியாது, நாளில் ஓர் இடம்தான் கொடுக்க முடியும். மூன்றாவதை எண்ணவே கூடாது. ‘50 புத்தகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தை எண்ணத் தொடங்கினால் மெல்லிய புத்தகமாகத் தேடத்தான் கை போகும். ரயிலில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று உங்களுக்குக் கிடைக்கிறதே, அந்த நேரத்தில் போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கையில் இருப்பதைப் படியுங்கள். வீரவநல்லூர் வருமுன் தூக்கம் வந்தால் தூங்குங்கள். வருஷக் கடைசியில் எத்தனை ஆயிற்று என்று எனக்குக் கூடச் சொல்ல வேண்டாம்.

மனஉறுதி பற்றிக் கேட்டீர்கள். நான் இந்த ஆலோசனை வேலையில் அதிகம் கேட்கும் வார்த்தை அது. கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது, ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்பதுதான். நாற்பது தாண்டிய பெண், எழுந்திருக்கவே முடியவில்லை, எதையும் தொடர முடியவில்லை என்று சொன்னால், அது குணத்தின் குறையாக இருக்க வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் குறைந்திருக்கலாம், தைராய்டு மந்தமாக இருக்கலாம், மாதவிடாய் நிற்கப்போகும் வருஷங்களின் அலுப்பாகவும் தூக்கக் குறைவாகவும் இருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் தன்னைத் திட்டிக்கொண்டே வருஷக்கணக்கில் இருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் டாக்டரிடம் போய், ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச், அதோடு மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இது முடிகிற காரியம். டிக் போடலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டாமல், பிடித்த பாட்டு கூடப் பிடிக்காமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு நாள் முழுக்க இருக்கிறதா? அப்படி இருந்தால் பட்டியலை விட்டுவிட்டு நேரே மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச வேண்டுமென்றால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் கடிதத்தின் தொனியில் எனக்கு அது தெரியவில்லை. அலுப்பும் ஏமாற்றமும்தான் தெரிகிறது. என்றாலும் உங்கள் மனசு உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது நேரக் கணக்கு. நாலே முக்காலுக்கு எழுந்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ரயில் பிடித்து, திரும்பி வர இருட்டிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தாமிரபரணிக் கரைக்காரி. கடைமடை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அணையில் தண்ணீர் இருக்கும், கால்வாயிலும் ஓடும், ஆனால் தலைமடையில் எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகு மிஞ்சியதுதான் கடைசி வயலுக்கு. உங்கள் நாளில் உங்களுக்கென்று இருப்பவை எல்லாம் கடைமடையில் கிடக்கின்றன. அங்கே பயிர் காய்ந்தால் வயலைக் குறை சொல்லி என்ன செய்ய? 21 வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்டதுதான் தவறு. நம் ஊரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் பார்த்துத்தானே விதைக்கிறார்கள்? வருகிற பிசானத்துக்கு, அதாவது தை வரை, இரண்டே இரண்டு வயல் போதும். மற்றவை தரிசாகக் கிடக்கட்டும். தரிசு போட்ட நிலம் எங்கும் போய்விடாது.

முதல் வயல் நடை. பட்டியலில் விருப்பத்துக்கு விட முடியாத வரி இது ஒன்றுதான். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று பெரும்பாலான மருத்துவர்கள் கொள்கிறார்கள். 108 பயப்படுகிற எண் இல்லை, சும்மா விடுகிற எண்ணும் இல்லை. இந்த முந்தைய நிலையில் இருந்தவர்களை வைத்துச் சென்னையில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2006-இல் வெளியானது. மருந்தில்லாமல் நடையையும் சாப்பாட்டையும் மட்டும் மாற்றியவர்களிடம், மூன்று வருஷத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. நம்மைப் போலச் சோறும் இட்லியும் சாப்பிடுகிற ஆட்களிடம் கிடைத்த கணக்கு என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

ஆனால் காலை ஐந்து மணி, 5 கிலோமீட்டர் என்பதை அடித்துவிடுங்கள். நாலே முக்காலுக்கு அடுப்பைப் பற்ற வைக்கிறவர் ஐந்து மணிக்குக் கால்வாய்க்கரையில் இருக்க முடியாது. முதல் நாற்பது நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. தூக்கத்தைத் திருடித்தான் நடந்திருப்பீர்கள். அந்தக் கடனை உடம்பு பங்குனியில் வசூல் செய்துவிட்டது.

உங்கள் நடை ஏற்கெனவே உங்கள் வழியில் இருக்கிறது. ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறீர்களே, அந்த பஸ்ஸை விட்டுவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து சுலோசன முதலியார் பாலம் வழியாகக் கொக்கிரகுளம் கால்மணியிலிருந்து இருபது நிமிஷ நடைதான். சிரஸ்தார் என்ற அரசு உத்தியோகத்தில் இருந்த ஒரு மனுஷர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டி, 1843-இல் திறந்த பாலம் அது. பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒரு நொடியில் போய்விடும். நடந்து போனால் ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று தினமும் உங்களுக்குத் தெரியும். பறவைப் பெயர் கற்க வேண்டும் என்று பதினெட்டாவது வரியில் எழுதியிருக்கிறீர்கள். கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் அந்தப் பாலத்தின் கீழேதான் இருக்கின்றன. அந்த வரிக்குத் தனி நேரம் வேண்டாம்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒரு தடவைக்குக் கால்மணி என்று வைத்தாலும், வாரம் ஐந்து நாளில் 150 நிமிஷம் ஆகிவிடுகிறது. வயதுவந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது இவ்வளவு மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதே 150 நிமிஷம்தான். மிதமான வேகம் எது என்று தெரிந்துகொள்ளக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான். கைப்பையைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொள்ளுங்கள். ஆபீஸ் செருப்பைப் பையில் வைத்துவிட்டு, நடைக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. சேலைக்கு ஷூவா என்று முதல் வாரம் யாராவது பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

தவறும் நாளை இப்போதே பேசிவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பாலத்தில் நடக்க வேண்டாம். 2023 டிசம்பரில் கொக்கிரகுளத்தில் ஆறு எப்படி ஏறி வந்தது என்று நாம் கண்ணால் பார்த்தவர்கள். மழை நாளுக்கு பஸ் என்று முன்னாலேயே தீர்மானித்துவிட்டால், அது தோல்விக் கணக்கில் வராது. கல்யாணம், காய்ச்சல், நாத்தனார் வீடு எல்லாம் வரும். லண்டனில் 96 பேரை வைத்து, ஒரு பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். ஆய்வு 2010-இல் வெளியானது. சராசரியாக 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல விரும்புவது அதில் வேறொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் பிடிப்பது குலைந்துவிடவில்லை. தேரோட்டத்துக்குப் போன நாலு நாள் உங்கள் நடையைக் கெடுக்கவில்லை. போச்சு, இனி எதற்கு என்று ஐந்தாம் நாள் நினைத்தீர்களே, அந்த நினைப்புதான் கெடுத்தது. அடுத்த தடவை ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் ஜங்ஷனில் இறங்கியதும் கால் பாலத்துப் பக்கம் திரும்பட்டும். அது போதும்.

சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாக. ‘இனிப்பை முற்றிலும் நிறுத்த’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மறுத்தால் மனசு வருத்தப்படும். வாங்கிய பிறகு நோட்டைப் பார்த்தால் உங்கள் மனசு வருத்தப்படும். அதற்குப் பதிலாக, தினமும் குடிக்கிற டீ காப்பியில் சர்க்கரையை எடுத்துவிடுங்கள். அது நாளைக்கு மூன்று தடவை, வருஷம் முழுக்க. அல்வா எப்போதோ ஒரு தடவை, ஒரு சிறு துண்டு. கருப்பட்டிக் காப்பிக்கு மாறிவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அது பிடிக்கும், ஆனால் ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை கருப்பட்டியும் சர்க்கரைதான். ஒன்பதாவது வரியில் இருக்கும் பழச்சாற்றையும் விட்டுவிடுங்கள். கொய்யாவைக் கடித்துச் சாப்பிட்டால் நார்ச்சத்து கூடவே போகும். சாறாக்கினால் இனிப்பு மட்டும் வேகமாக ஏறும்.

ஆங்கிலம் பேசப் பழகுவது, மாடித்தோட்டம், யோகா, பீரோ ஒழுங்கு, சிறுதானியச் சமையல் எல்லாம் தரிசு. இவற்றில் சில உங்கள் குரலிலேயே இல்லை. அலுவலகத்தில் யாரோ சொன்னது, போனில் யாரோ காட்டியது என்று எனக்குப் படுகிறது. நீங்களே ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். ‘செய்தால் நன்றாக இருக்கும்’ என்று வருவதையும், ‘செய்யாவிட்டால் என்ன நினைப்பார்கள்’ என்று வருவதையும் உங்கள் காதே பிரித்துச் சொல்லிவிடும்.

நீச்சல் அப்படியில்லை. ஆற்றங்கரையில் பிறந்து, அண்ணன் தம்பிகள் எல்லாம் படித்துறையிலிருந்து குதிக்க, நீங்கள் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றதை எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் குரல்தான். 43 வயதில் நீச்சல் தாராளமாக வரும். ஆனால் ஆற்றில் கற்க வேண்டாம். மேலே அமைதியாக இருக்கும் இடத்தில்தான் கசம் என்கிற ஆழப் பள்ளம் இருக்கும், மணல் அள்ளிய குழி இருக்கும். நீந்தத் தெரிந்தவர்களையே அது விடுவதில்லை. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் நீச்சல்குளம் இருக்கிறது. கோடைப் பயிற்சி எப்போது, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா என்று பங்குனியில் ஒரு நாள் போய்க் கேளுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் சுகமாகவும் இருக்கும். அதுவரை இந்த வரியை மறந்துவிடலாம்.

வீட்டுக்காரர் சொன்னதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் ராத்திரி நீங்கள் நோட்டை வைத்துக்கொண்டு முகம் வாடுவதைப் பார்க்கிறவர் அவர். அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான். அவரிடம் ‘எனக்கு உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் இனி அவரும் மகளும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒன்றே ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள். முதல் ஞாயிறு தோசை பிய்ந்து வரும். நீங்கள் அடுப்படிக்குள் போகாதீர்கள்.

நோட்டை அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுக்களையில் தொங்குகிற தினசரி காலண்டரில், பாலத்தில் நடந்த நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். நடக்காத நாளுக்குப் பெருக்கல் குறி போட வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு அலுத்துப்போன மனசு எந்தக் கணக்கையும் நியாயமாகப் பார்க்காது. பார்ப்பதானால் ஞாயிறு காலை பாருங்கள்.

இனி அந்தப் பதினான்காவது வரி. மற்ற இருபதும் பேனாவில் இருக்கின்றன. ‘வீணை’ என்று மட்டும் பென்சிலால் எழுதி, ஒரு தடவை அழித்து, அழித்த தடத்தின் மேலேயே திரும்ப எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நிமிஷம், எத்தனை நாள் என்று எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை கற்றது, சேரன்மகாதேவியில் அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி. 21 விஷயங்களில் மற்றவர் யாருக்கும் பயன்படாதது அது ஒன்றுதான். அதனால்தான் அதை எழுதக் கூட உங்களுக்குக் கை கூசியிருக்கிறது. இரண்டாவது வயல் அதுதான்.

தினமும் அரைமணி சாதகம் என்று தொடங்காதீர்கள். முதலில் முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. அந்த வீணை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பரணின் சூட்டில் கிடக்கிறது. தந்திகள் துருப்பிடித்திருக்கும், விரல் வைத்து அழுத்துகிற மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகி நகர்ந்திருக்கும். புதுத் தந்தி போட்டு, மேளம் கட்டித்தான், அதாவது மெட்டுகளை மெழுகில் திரும்பச் சரியான இடத்தில் பதித்துத்தான் ஆக வேண்டும். இதைச் செய்யாமல் வாசிக்க உட்கார்ந்தால் சுருதியே சேராது. உங்களுக்கு விரல் போய்விட்டது என்று நினைத்து மூடிவைத்துவிடுவீர்கள். பாளையங்கோட்டையில் இசைப் பள்ளிப் பக்கம் விசாரித்தால் மேளம் கட்டுகிறவர் யார் என்று சொல்லிவிடுவார்கள். சரியாகி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தோசை வேறு யாரோ சுடுகிற நேரத்தில், ஆரம்பப் பாடமான சரளி வரிசை. வேறொன்றும் வேண்டாம். இடது கை விரல் நுனி முதல் மாதம் வலிக்கும், அப்புறம் காய்த்துவிடும்.

வருகிற ஞாயிறு காலை ரயிலில் சேரன்மகாதேவி போய்விடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பரணிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். நீளமான தண்டியை மட்டும் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள், இணைப்பு விட்டுப்போகும். நீங்கள் குடத்தின் அடியில் கை கொடுங்கள், யாளி முகத்துப் பக்கம் அவள் தாங்கிக்கொள்ளட்டும்.